‘நம்ம கையில என்ன இருக்கு?’: எம். புதுப்பட்டியிலிருந்து ஒரு மறுப்பு

“நம்ம கையில என்ன இருக்கு அண்ணாச்சி? பட்டாசு சமாச்சாரம் எல்லாம் நாக்பூர்லயும் டெல்லியிலயும் முடிவாகுது. நாம பேசி என்ன ஆகப் போகுது?” எம். புதுப்பட்டியிலும் சிவகாசி வட்டாரத்தின் மற்ற ஊர்களிலும் இந்தப் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. பட்டாசு ஆபீஸுக்கு, அதாவது ஆலைக்கு, வேலைக்குப் போகிறவர் இதைச் சொல்கிறார். ஆபீஸ் நடத்துகிறவரும் சொல்கிறார். கிராம சபைக்கு வந்து உட்காரும் அலுவலரும் அதையே வேறு வார்த்தைகளில் சொல்கிறார். கட்சி பேதமில்லாமல் எல்லோரும் தலையாட்டும் கருத்து இது.

இந்தக் கருத்து தவறு. ஒரு விதி எப்படிப் பிறக்கிறது என்பதை இது தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறது. பிறந்த விதி எப்படிச் செத்துப்போகிறது என்பதை இது பார்க்கவே மறுக்கிறது. இந்த வட்டாரத்தில் விதி செத்துப்போனால் கூடவே மனிதர்களும் சாகிறார்கள். அதனால்தான் இதை டீக்கடைப் பேச்சு என்று விட்டுவிட முடியவில்லை.

மறுப்பதற்கு முன் அந்தக் கருத்தை அதன் முழு வலுவோடு எடுத்து வைத்துவிடுகிறேன். வெடிபொருள் மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளும்தான் அடிப்படை. பெரிய ஆலைகளுக்கு உரிமம் தருவது, நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ எனப்படும் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. சிறிய ஆலைகளுக்கு மாவட்ட நிர்வாகம் தருகிறது. எந்த வேதிப்பொருளைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் சொல்கிறது. தீபாவளி அன்று காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும் வெடிக்கலாம் என்பதைச் சென்னை சொல்கிறது. ஊராட்சிக்கு மிஞ்சுவது தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும். இது முதல் வாதம். வெடிமருந்து என்பது நிபுணர்கள் பேச வேண்டிய விஷயம், ஊர்க்கூட்டத்தில் கைதூக்கி முடிவு செய்யும் விஷயம் அல்ல என்பது இரண்டாவது. கிராம சபை வெறும் சடங்கு, அதன் தீர்மானத்தை யாரும் மதிப்பதில்லை, அங்கேயும் செல்வாக்குள்ளவர் குரல்தான் கேட்கும் என்பது மூன்றாவது. தோண்டித் துருவினால் ஆலைக்குப் பூட்டு விழும், பிழைப்பு போகும் என்பது நான்காவது.

இவற்றை வெறும் சாக்கு என்று ஒதுக்க மாட்டேன். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்த உண்மையை ஒப்புக்கொண்ட பிறகும் இந்த வாதங்கள் நிற்குமா என்பதுதான் கேள்வி.

1. மேலே எழுதும் விதியையும் கீழே கேட்காமல் எழுத முடியாது

வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்தையே எடுத்துப் படித்துப் பாருங்கள். 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தில் 18-வது பிரிவு என்ன சொல்கிறது? இந்தச் சட்டத்தின் கீழ் விதி செய்பவர், அந்த விதியால் பாதிக்கப்படக்கூடியவர்கள் அறிந்துகொள்ளும்படி அதன் வரைவை முதலில் வெளியிட வேண்டும். வரும் ஆட்சேபங்களையும் யோசனைகளையும் பெற்றுப் பரிசீலிக்க வேண்டும். 1897-ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டத்தின் 23-வது பிரிவும், முன்வெளியீடு தேவைப்படும் எல்லா விதிகளுக்கும் இதே முறையைத்தான் வகுக்கிறது. மத்திய அரசு 2014-இல் ஏற்றுக்கொண்ட முன்கலந்தாய்வுக் கொள்கை, சட்ட வரைவுகளைக் குறைந்தது 30 நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கச் சொல்கிறது.

இந்த 18-வது பிரிவு சொல்லும் ‘பாதிக்கப்படக்கூடியவர்கள்’ யார்? மருந்து கலக்கிறவர், திரி வைக்கிற பெண், ஆலை வேலிக்கு அடுத்த புஞ்சையில் பருத்தி எடுக்கிறவர், வெடிச்சத்தத்தில் ஓடு உடையும் வீட்டில் குடியிருக்கிறவர். சட்டம் இவர்களைப் பற்றித்தான் பேசுகிறது. இவர்களுக்குப் பேச உரிமை இல்லை என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. நாமேதான் சொல்லிக்கொள்கிறோம்.

2024-இல் மத்திய அரசு 1884-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக ஒரு புதிய வெடிபொருள் மசோதாவின் வரைவைப் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிட்டது. நூற்று நாற்பது ஆண்டுகளாக இந்த மண்ணின் உயிரையும் பிழைப்பையும் ஆண்ட சட்டத்துக்கு மாற்று வரப்போகிறது என்றால், இந்த வட்டாரத்தில் அதைவிடப் பெரிய செய்தி வேறென்ன இருக்க முடியும்? அந்த வரைவு நம் கிராம சபைகளில் எத்தனையின் கூட்டப் பொருளில் ஏறியது? கேட்கும் நேரத்தில் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, எழுதி முடித்த பிறகு “எங்களை யார் கேட்டார்கள்?” என்பது நியாயமில்லை.

“வரைவு எல்லாம் இங்கிலீஷில் அல்லவா வருகிறது?” என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கும் வழி திறந்திருக்கிறது. 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வந்தபோது, ஒரு சூழல் ஆர்வலர் தொடுத்த வழக்கில், அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் அதை மொழிபெயர்க்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த வரைவு பற்றி நாடு முழுவதிலிருந்தும் லட்சக்கணக்கில் கருத்துகள் போய்க் குவிந்தன. தமிழில் தாருங்கள் என்று கேட்பது பணிவான வேண்டுகோளாக இருக்க வேண்டியதில்லை. பாதிக்கப்படுபவர் அறியும்படி வெளியிட வேண்டும் என்று சட்டம் சொல்லும்போது, அவர் படிக்க முடியாத மொழியில் வெளியிட்டால் சட்டத்தின் நோக்கமே நிறைவேறவில்லை.

2. சரவெடியை நிறுத்தியது யார்?

உச்ச நீதிமன்றம் என்று உடனே பதில் வரும். கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். 2015-இல் டெல்லியில் மூன்று பச்சைக் குழந்தைகளின் பெயரில் அவர்களுடைய குடும்பத்தார் வழக்குத் தொடுத்தார்கள். அந்தக் குழந்தைகளின் வயது ஆறு மாதமும் பதினான்கு மாதமும். எங்கள் பிள்ளைகள் மூச்சுவிடும் காற்று நஞ்சாகிறது என்பதுதான் அவர்கள் முறையீடு. அர்ஜுன் கோபால் வழக்கு என்று பெயர் பெற்ற அந்த வழக்கில்தான் 2018 அக்டோபர் 23-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. சரவெடிக்குத் தடை, பேரியம் உப்புக்குத் தடை, பசுமைப் பட்டாசு மட்டுமே அனுமதி, வெடிக்க நேரக் கட்டுப்பாடு எல்லாம் அதிலிருந்து பிறந்தவை.

அந்தக் குடும்பங்களின் பெயரில் எந்தப் பதவியும் இல்லை. அவர்கள் ஒரு நகரத்தின் குடியிருப்பாளர்கள். தங்கள் வீட்டு முற்றத்தில் நடப்பதைப் பற்றிக் கேட்டார்கள். அவர்கள் கேட்ட கேள்வி இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கரிசல் காட்டு ஆலைகளின் உற்பத்தி முறையையே மாற்றியது. தீர்ப்பை எதிர்த்து இங்கே ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. கூலி இல்லாமல் தவித்தவர்கள் நம் ஊர்க்காரர்கள்.

அந்தத் தீர்ப்பு சரியா தவறா என்பது வேறு விவாதம். இங்கே நான் சொல்ல வருவது ஒன்றுதான். ‘விதி மேலேயிருந்து வருகிறது’ என்று நாம் எதைக் காட்டுகிறோமோ, அதுவே குடியிருப்பாளர்கள் கேட்டு வாங்கிய விதி. ஆலை உரிமையாளர்கள் தரப்பு அந்த வழக்கில் தன் வாதத்தை வைத்தது. டெல்லிவாசிகள் தங்கள் வாதத்தை வைத்தார்கள். ஆலையில் வேலை செய்து ஆலை பக்கத்திலேயே வாழும் ஊர்களின் குரல் இந்த இரண்டிலும் சேராது. அவர்களுக்கு வேலையும் வேண்டும், உயிரும் வேண்டும். இந்த மூன்றாவது தரப்பை அவர்களைத் தவிர வேறு யாரும் பேச முடியாது.

3. கிராம சபைத் தீர்மானம் வெற்றுக் காகிதமா?

அரிட்டாபட்டியில் போய் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். மதுரை மாவட்டம் மேலூர் பக்கம், நமக்கு அண்டை ஊர் மாதிரிதான். 2024 நவம்பரில் அங்கே டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் முடிந்தது தெரியவந்தது. கனிமம் மத்திய அரசின் பொருள். ஏலம் விட்டது மத்திய அரசு. எடுத்தது பெரிய நிறுவனம். “நம்ம கையில என்ன இருக்கு?” என்று சொல்ல அவர்களுக்கு நம்மைவிட அதிகக் காரணம் இருந்தது. அந்த நவம்பர் 23-ஆம் தேதி கிராம சபைகள் கூடி, வேண்டாம் என்று தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-ஆம் தேதி சட்டமன்றம் தீர்மானம் போட்டது. மக்கள் மதுரைக்கு நடந்தார்கள். 2025 ஜனவரி 23-ஆம் தேதி ஏலத்தை ரத்து செய்வதாக மத்திய சுரங்க அமைச்சகம் அறிவித்தது.

தீர்மானம் மட்டும்தான் அதைச் சாதித்தது என்று சொல்ல மாட்டேன். போராட்டம், கட்சிகளின் நெருக்கடி, பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று 2022-இல் அரசே அந்த இடத்தை அறிவித்திருந்தது எல்லாம் சேர்ந்துதான் வேலை செய்தன. ஆனால் எல்லாவற்றுக்கும் கால் ஊன்ற இடம் கொடுத்தது கிராம சபைத் தீர்மானம். ஊர் என்ன நினைக்கிறது என்று யாரும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. தேதியோடும் கையெழுத்தோடும் எழுத்தில் இருந்தது.

கேரளத்தின் பெருமாட்டி ஊராட்சி 2003-இல் பிளாச்சிமடை கோக்கோ கோலா ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. உயர் நீதிமன்றத்தின் ஒரு கட்டத்தில் ஊராட்சிக்குச் சாதகமாகவும் இன்னொரு கட்டத்தில் பாதகமாகவும் தீர்ப்புகள் வந்தன. 2004 மார்ச்சில் நின்ற ஆலை பிறகு ஓடவே இல்லை. ஒடிசாவின் நியாம்கிரியில் 2013-இல் பன்னிரண்டு கிராம சபைகள் பாக்சைட் சுரங்கத்தை நிராகரித்தன. அங்கே வன உரிமைச் சட்டம் துணை நின்றது. நமக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அந்த வேறுபாட்டை மறைக்க வேண்டியதில்லை.

சரி, நம் கிராம சபைத் தீர்மானம் பெசோவைக் கட்டுப்படுத்தாது என்றே வைத்துக்கொள்வோம். அதற்காக அது பயனற்றதாகி விடாது. விபத்து நடந்த மறுநாள் ஒவ்வொரு அலுவலகமும் சொல்லும் முதல் வார்த்தை “எங்கள் கவனத்துக்கு வரவில்லை” என்பதுதான். உள்குத்தகைக்கு விட்டது கவனத்துக்கு வரவில்லை. அறைக்கு வெளியே மரத்தடியில் உட்கார வைத்து வேலை வாங்கியது கவனத்துக்கு வரவில்லை. அனுமதித்த அளவுக்கு மேல் மருந்து இருப்பு வைத்தது கவனத்துக்கு வரவில்லை. கிராம சபை இதையெல்லாம் ஒரு குறிப்பிட்ட தேதியில் எழுதித் தீர்மானமாக்கி, நகலை ஆட்சியருக்கும் உரிமம் தந்தவருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டால், அதற்குப் பிறகு அந்த வார்த்தையை யாரும் சொல்ல முடியாது. தெரிந்தும் செயல்படாதவர் என்ற பொறுப்பு அவர் மேல் விழுகிறது. நீதிமன்றத்திலும் பசுமைத் தீர்ப்பாயத்திலும் அந்தக் காகிதம் பேசும்.

4. “நிபுணர் விஷயம்” என்பது பாதி உண்மை

எந்த மருந்தை எந்த விகிதத்தில் கலப்பது என்பது நிபுணர் விஷயம்தான். அதைக் கைதூக்கி முடிவு செய்ய யாரும் கேட்கவில்லை. ஆனால் இந்த வட்டாரத்தின் பெரிய விபத்துகளுக்குப் பிறகு திரும்பத் திரும்ப வெளியே வந்த காரணங்கள் என்ன? அனுமதித்ததைவிட அதிக ஆட்கள். அனுமதித்ததைவிட அதிக மருந்து. உரிமம் ஒருவர் பெயரில், நடத்துவது இன்னொருவர். அறைகளுக்கு வெளியே உற்பத்தி. இவற்றில் எதைக் கண்டுபிடிக்க வேதியியல் பட்டம் வேண்டும்?

ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்றால், ஐந்தாவது ஆள் உட்கார்ந்திருப்பது முதலில் தெரிவது அந்த நான்கு பேருக்குத்தான். முந்தின நாள் மிஞ்சிய மருந்தை அழிக்காமல் வைத்துவிட்டுப் போனால், ஈரம் பட்டு அது சூடேறும் என்பது நெடுநாள் வேலை செய்த எந்தப் போர்மேனுக்கும் தெரியும். விடுமுறைக்குப் பின் கதவைத் திறக்கும் காலை நேரத்தை அவர்கள் எவ்வளவு பயத்தோடு எதிர்கொள்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். எந்த ஆபீஸ் வேன் காலையில் எத்தனை பேரை ஏற்றிப் போகிறது என்பது ஊருக்குத் தெரியும். எந்த வீட்டுக் கதவு பகலிலும் சாத்தியிருக்கிறது, உள்ளே கருந்திரி தயாராகிறது என்பது தெருவுக்குத் தெரியும். ஆய்வு அலுவலர் ஆண்டில் சில நாள் வந்து பார்ப்பதை ஊர் ஆண்டு முழுவதும் பார்க்கிறது.

விதியை எழுத நிபுணர் வேண்டும். எந்த விதி நடப்பில் இல்லை, ஏன் இல்லை, எந்த விதியை எழுதவே மறந்தார்கள் என்று சொல்வதற்கு ஊர் வேண்டும். இரண்டும் இல்லாமல் நல்ல விதி அமையாது.

5. ஆலைச் சுவருக்கு வெளியே சாகிறவர் யார் பொறுப்பு?

2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் 38 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலைத் தொழிலாளர்கள் அல்ல. முதல் வெடிச்சத்தம் கேட்டுக் காப்பாற்ற ஓடியவர்கள், என்ன ஏது என்று பார்க்கப் போனவர்கள். பக்கத்து ஊர் மக்கள். அவர்கள் பெயர் எந்த வருகைப் பதிவேட்டிலும் கிடையாது. தொழிலகச் சட்டம் முதன்மையாக ஆலைக்குள் வேலை செய்கிறவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

“ஊராட்சிக்கு இதில் என்ன வேலை?” என்று கேட்கிறவர்களுக்கு முதலிப்பட்டியே பதில். ஆலைக்குள் நடப்பது பெசோவின் அதிகாரம் என்றால், ஆலைக்கு வெளியே இருக்கும் பாதை, தண்ணீர்த் தொட்டி, தீயணைப்பு வண்டி திரும்ப இடம், விபத்து நேரத்தில் ஊர் மக்கள் எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்ற ஒழுங்கு, கழிவுப் பட்டாசை ஓடையோரம் கொட்டுவதற்குத் தடை, இதெல்லாம் யாருடைய அதிகாரம்? ஊராட்சியுடையது. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இதற்கெல்லாம் இடம் வைத்திருக்கிறது. துணைவிதிகள் இயற்றலாம், ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியர் அவற்றுக்கு ஒப்புதல் தருவார். ஆபத்தான தொழில்களுக்கு உரிமம், ஆலை கட்டுவதற்கு அனுமதி என்பவையும் அந்தச் சட்டத்தில் எழுதப்பட்டவைதான். ஒற்றைச் சாளர முறைகள் வந்த பிறகு அந்த இடத்தில் ஊராட்சியின் குரல் மெலிந்திருக்கிறது. மெலிந்த குரலைப் பேசிப் பேசித்தான் உரக்கச் செய்ய முடியும்.

2023 அக்டோபர் 17-ஆம் தேதி ரெங்கபாளையத்திலும் கிச்சநாயக்கன்பட்டியிலும் ஒரே நாளில் நடந்த இரண்டு விபத்துகளில் 14 பேர் இறந்தார்கள். ரெங்கபாளையம் எம். புதுப்பட்டிக்குப் பக்கம். அதைக் கண்ட பிறகும், இது நாக்பூரின் விவகாரம் என்று ஒதுங்கி நிற்க நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

6. “சபையில் பேசினால் வேலை போகும்”

இந்த பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். வேலை கொடுக்கிறவரும் வட்டிக்குக் கொடுக்கிறவரும் கோயில் கொடைக்கு முதல் வரி கொடுக்கிறவரும் ஒருவராகவே இருக்கும் ஊரில், எழுந்து நின்று அவர் ஆபீஸைப் பற்றிக் கேட்பது லேசான காரியம் அல்ல. சபையில் செல்வாக்குள்ளவர் குரல் உரக்கக் கேட்கும் என்பதும் உண்மை.

ஆனால் இந்த வாதத்தின் முடிவு என்ன? சபையை விட்டுவிட்டால் அந்தச் செல்வாக்கு குறைந்துவிடுமா? மாவட்டத் தலைநகரின் அலுவலக அறையில், சென்னையில், டெல்லியில் அதே செல்வாக்கு நம் கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்யும். கிராம சபையில் குறைந்தபட்சம் அது நம் முன்னால் வந்து உட்கார வேண்டியிருக்கிறது. தனி ஆள் மனு கொடுத்தால் அவர் பெயர் தெரியும், அவர் வேலை போகும். இருநூறு பேர் கூடிய சபை தீர்மானம் போட்டால் யாரை வேலையை விட்டு நிறுத்துவது? தனி ஆளுக்கு இருக்கும் பயத்துக்கு மருந்து கூட்டத் தீர்மானம்தான்.

பயத்தின் இன்னொரு முகம், ஆலை மூடிவிடும் என்பது. ஆலைகள் எப்போது மூடப்படுகின்றன என்று கவனியுங்கள். பெரிய விபத்து நடந்ததும் ஆய்வுக் குழுக்கள் இறங்குகின்றன. உரிமங்கள் கொத்தாக நிறுத்தப்படுகின்றன. ஒழுங்காக நடத்தியவரும் சேர்த்து அடிபடுகிறார். கூலி போகிறது. ஒரு ஆலையின் மீறலை ஊர் முன்கூட்டியே தட்டிக் கேட்டிருந்தால் அந்த ஒரு ஆலை மட்டும் பதில் சொல்லியிருக்கும். விதி மீறி மலிவாகச் செய்கிறவர்தான் விதிப்படி செய்கிறவரின் பிழைப்பைக் கெடுக்கிறார். ஆகவே கேள்வி கேட்கும் கிராம சபை நேர்மையான உரிமையாளருக்கும் துணை.

7. “தலைவரே இல்லை, அப்புறம் சபை எதற்கு?”

இது இப்போது புதிதாகக் கேட்கும் வாதம். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. விருதுநகரும் அவற்றில் ஒன்று. அதன் பிறகு ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. 2016 முதல் 2019 வரையும் இப்படித்தான் மூன்று ஆண்டுகளுக்கு மேல் அலுவலர் ஆட்சி நடந்தது. ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243-இ பிரிவு சொல்கிறது. அதை மீறுவது பெரிய தவறு. அதற்கு எதிராகவும் ஒவ்வொரு சபையும் தீர்மானம் போட வேண்டும்.

ஆனால் தலைவரின் பதவிக்காலம் முடிந்தால் கிராம சபையின் காலமும் முடிந்துவிடாது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லோரும் சேர்ந்ததுதான் கிராம சபை. அதற்குப் பதவிக்காலம் கிடையாது. யாராலும் அதைக் கலைக்க முடியாது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் இருக்கின்றன. தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி இல்லாத காலத்தில் ஊருக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சட்டபூர்வமான குரல் அந்தச் சபைதான். அப்படிப்பட்ட நேரத்தில் அதற்குப் போகாமல் இருப்பது, இருக்கும் ஒன்றையும் நாமே கொடுத்துவிடுவதாகும்.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்?

கிராம சபை சடங்காகிவிட்டது என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது என்று சொன்னேன். அது எப்படிச் சடங்காகிறது என்று பார்க்க வேண்டும். மூவாயிரம் முதல் பத்தாயிரம் பேர் வரை உள்ள ஊராட்சியில் 200 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். பல ஊர்களில் நடப்பது என்ன? நாற்பது பேர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். வருகைப் பதிவேடு நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்குப் போய்க் கையெழுத்தோடு திரும்பி வரும். கூட்டப் பொருளை அச்சடித்தபடி படிப்பார்கள். தீர்மானப் புத்தகத்தில் சில வரிகளை வெற்றிடமாக விட்டுக் கீழே கையெழுத்து வாங்குவார்கள். “பட்டாசு ஆலைகளில் பாதுகாப்பை உறுதி செய்ய அரசைக் கேட்டுக்கொள்கிறது” என்று ஒரு வரி எழுதுவார்கள். இப்படி எழுதினால் யார், எதை, எப்போது செய்ய வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. இந்தத் தீர்மானத்தை நிறைவேற்றவும் முடியாது, மீறவும் முடியாது.

அதற்குப் பதில் இப்படி எழுதலாம்: “இந்த ஊராட்சி எல்லைக்குள் உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகள் எவை, ஒவ்வொன்றும் ஒரு நேரத்தில் எத்தனை கிலோ மருந்து வைத்திருக்கலாம், எத்தனை பேரை வைத்து வேலை வாங்கலாம், உரிமம் எந்தத் தேதி வரை செல்லும் என்ற பட்டியலை மாவட்ட ஆட்சியர் முப்பது நாட்களுக்குள் தர வேண்டும். அதை ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் எழுதி வைக்க வேண்டும். புதிய ஆலைக்குத் தடையின்மைச் சான்று தருவதற்கு முன் இந்தச் சபையின் கருத்தை எழுத்தில் பெற வேண்டும். அடுத்த கூட்டத்தில் முதல் பொருளாக இந்தத் தீர்மானத்தின் நிலையைப் படிக்க வேண்டும்.” இதில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பொறுப்பாளர் இருக்கிறார், செய்து முடிக்க வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. செய்தாரா இல்லையா என்று ஊர் கேட்க முடியும்.

தீர்மானம் எழுதி முடிக்கும் வரை இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது. எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும். நகலைக் கேட்டு வாங்க வேண்டும். நகல் வராவிட்டால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. முப்பது நாட்களுக்குள் பதில் வர வேண்டும். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போகிறவர், தன் மனுவோடு சபைத் தீர்மானத்தின் நகலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

சிவகாசிக்காரர்களுக்கும் இதே கடமை உண்டு. திருத்தங்கலையும் சேர்த்து 2021-இல் மாநகராட்சியான ஊர் அது, 48 வார்டுகள். 2022-இல் வந்த விதிகளின்படி நகரங்களிலும் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் உண்டு. அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி அன்றைய முதலமைச்சரே பம்மலில் ஒரு பகுதி சபையில் உட்கார்ந்தார். வார்டு குழுக்களின் உறுப்பினர்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்படாமல் நியமிக்கப்படுகிறார்கள் என்பது பெரிய குறைதான். ஆனாலும் மாநகராட்சி எல்லைக்குள் பட்டாசுக் கடை எங்கே வரலாம், சரக்கு லாரி எந்தத் தெருவில் நிற்கலாம், குடியிருப்புக்கு நடுவே கிடங்கு இருக்கலாமா என்பவற்றை மாமன்றத் தீர்மானமாகவும் துணைவிதியாகவும் கொண்டுவரும் வழி அங்கேதான் தொடங்குகிறது. தன் வார்டில் பகுதி சபை கடைசியாக எப்போது கூடியது என்று கவுன்சிலரிடம் கேட்க எந்தத் தயக்கமும் வேண்டியதில்லை.

நாக்பூரில் அச்சாகும் விதி எம். புதுப்பட்டியில் உயிரோடு இருக்குமா என்பதை எம். புதுப்பட்டிதான் தீர்மானிக்கிறது. இருநூறு பேர் வந்து உட்கார்ந்து, ஆலைகளின் பட்டியலைக் கேட்டு, எழுதி, நகல் வாங்கி, அடுத்த கூட்டத்தில் அதே கேள்வியை மறுபடி கேட்டால் அந்த விதி உயிரோடு இருக்கும். வெற்றிடத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் அது செத்துப்போகும். இவ்வளவு அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கையில் ஒன்றும் இல்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதை நாம் நிறுத்த வேண்டும். அடுத்த கிராம சபைக்குக் குறைந்தது இருநூறு பேராகப் போவோம்.